குழாய்த் தண்ணீரில் மண் வாடை: சாக்கடையா?

புழல் ஏரித் தண்ணீரில் மே மாதமானால் மண் வாடை, காய்ச்சினால் இன்னும் தூக்குகிறது, சாக்கடை கலந்துவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள் மாதிரித் தெரிகிறது. ஏரியில் வளரும் நீலப்பச்சைப் பாசியும் (பேருக்குத்தான் பாசி, உண்மையில் பாக்டீரியா) ஆக்டினோமைசீட்ஸ் வகை பாக்டீரியாக்களும் உண்டாக்குவது. முதல் மழைக்கு மண்ணிலிருந்து எழுமே, அதே வாசனை, பீட்ரூட்டிலும் உண்டு. லிட்டருக்கு வெறும் 10 நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். கோடையில் நீர்மட்டம் இறங்கி வெயில் ஏறினால் பாசிக்குக் கொண்டாட்டம்தான்.

குளோரின் இதை அசைக்காது, ஃபில்டரில் இருக்கும் கார்பன் உறிஞ்சிவிடும். ஃபில்டர் மாட்டி ஒன்றரை வருஷம் ஆச்சு என்றீர்களே, முதலில் அந்த கார்பன் கேட்ரிஜை மாற்றுங்கள்.

சாக்கடை விஷயத்தில் மட்டும் மூக்கை நம்பாதீர்கள், ஈ.கோலை (மலத்தில் இருக்கும் பாக்டீரியா) டெஸ்ட் எடுங்கள். ஆய்வகத்திலேயே கிருமி நீக்கிய பாட்டில் வாங்கி, குழாயை இரண்டு நிமிஷம் ஓடவிட்டுப் பிடித்து, ஐஸில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். முடிவு வரும்வரை காய்ச்சியே குடியுங்கள்.

அழுகின முட்டை நாற்றம் என்றால் கதை வேறு. அது காற்றுப் புகாத சேற்றில் சல்பேட்டை வைத்துப் பிழைக்கும் பாக்டீரியாவின் வேலை. சம்ப் மூடியைத் திறந்து அடியில் கறுப்புச் சேறு இருக்கிறதா பாருங்கள்.