வேலை இல்லாமல் இருக்கும்போது சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பில் சேரலாமா?

கேட்டவர் எழுதியிருப்பது இவ்வளவுதான். டிகிரி முடித்து ஒரு வருடம் ஆகிறது, வேலை கிடைக்கவில்லை, ஓர் ஆபீஸில் மூன்று மாதம் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் தருகிறேன் என்கிறார்கள், சேர்ந்தால் வேலை தேட நேரம் இருக்காது, என்ன செய்யலாம்.

சேருங்கள். ஆனால் எந்தத் தேதியோடு முடிகிறது என்பதைச் சேரும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வேலை தேடுவதை ஒரு வாரம்கூட நிறுத்தாதீர்கள். அவசரமாகப் பதில் வேண்டியவர்களுக்கு இது போதும். இந்த இரண்டையுமே செய்யாமல் எட்டு மாதம் ஓட்டியவள் நான் என்பதால் மீதியையும் எழுதுகிறேன்.

உங்கள் வீடு எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. எங்கள் வீடு மாதிரிதான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வசதியான வீட்டுப் பிள்ளைகள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, சேர்ந்துவிடுகிறார்கள். எங்களுக்குக் கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு போகிற வழியில் உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். தாத்தா இலங்கையிலிருந்து வந்தவர், அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களைத் திருப்பி அனுப்பிய சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறிய குடும்பங்களில் ஒன்று. அவர் எஸ்டேட்டில் உழைத்துச் சேர்த்து வாங்கிய முக்கால் ஏக்கர் தேயிலைதான் எங்களுக்கு எல்லாம். அப்பாவுக்குச் சர்க்கரை வந்து காலில் புண் ஆனதிலிருந்து அம்மா ஒருவர்தான் இலை எடுக்கிறார். காலையில் காட்டெருமை நிற்கிறதா என்று மேலே இருந்து பார்த்துவிட்டுத்தான் தோட்டத்துக்குள் இறங்குவார்.

நான் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.காம். முடித்தது 2021இல். கொரோனா நேரம், கடைசி செமஸ்டர் முழுக்க போனில்தான், அதுவும் சிக்னல் கிடைக்கிற பாறை மேல் உட்கார்ந்து. முடித்த பிறகு ஒன்பது மாதம் சும்மா இருந்தேன். சும்மா என்றால் உண்மையில் சும்மா இல்லை, ரெசார்ட், மெடிக்கல் ஷாப், நகைக்கடை, ஸ்கூல் ஆபீஸ் என்று கேட்காத இடம் இல்லை. எல்லா இடத்திலும் அனுபவம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள். கோயம்புத்தூர் போயிருக்கலாமே என்று யாராவது எழுதப் போகிறீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஹாஸ்டல் அட்வான்ஸும் முதல் மாதச் சாப்பாடும் கையில் இல்லாமல் மலை இறங்க முடியாது, அப்பாவின் காலுக்கு மருந்து போடவும் வீட்டில் வேறு ஆள் இல்லை.

2022 பிப்ரவரி கடைசியில் குன்னூரில் ஓர் ஆபீஸில் இன்டர்ன்ஷிப் கிடைத்தது. தேயிலை ஏலத்தோடு சம்பந்தப்பட்ட ஆபீஸ், பெயர் வேண்டாம். அங்கே நடந்ததைச் சொல்வதுதான் முக்கியம். மூன்று மாதம், சம்பளம் கிடையாது, "நல்லா செஞ்சா வச்சுக்குவோம்." இந்த ஒரு வரியை நம்பித்தான் போனேன். எழுத்தில் எதுவும் இல்லை.

முதல் இரண்டு மாதம் நான் கற்றுக்கொண்டதை இன்றைக்கும் குறைவாகப் பேச மாட்டேன். சின்ன வயதிலிருந்து தேயிலைக்குள் வளர்ந்தவள், ஆனால் லாரியில் ஏற்றிய இலை அப்புறம் என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியாது. பேக்டரிகளிலிருந்து சாம்பிள் வரும், ஒவ்வொன்றிலும் மார்க் என்கிற பேக்டரிப் பெயர், கிரேடு என்கிற ரகம், இன்வாய்ஸ் நம்பர் சரிபார்த்து ஏலத்துக்கான பட்டியலில், அதாவது கேட்லாக்கில், ஏற்ற வேண்டும். பி.ஓ.பி. என்கிற கிரேடு என்றால் என்ன, எஸ்.ஆர்.டி. என்றால் ஏன் சிவப்பு டஸ்ட் என்கிறார்கள், லீப் ஒரு பக்கம் டஸ்ட் ஒரு பக்கம் ஏன் தனித்தனியாக விற்கிறது, இதெல்லாம் அங்கேதான் தெரிந்தது. டேஸ்டிங் நாளில் கோப்பைகளை வரிசையாக வைத்து, தூள் நிறுத்துப் போட்டு, கொதி தண்ணீர் ஊற்றி டைமர் வைத்துக்கொண்டு நிற்பேன். டேஸ்டர் வாயில் வைத்துத் துப்பிவிட்டு ஒரு வார்த்தை சொல்வார், அதை நான் எழுத வேண்டும். வியாழன் வெள்ளி ஏலம், ஏலத்துக்கு வருகிற ஒவ்வொரு தொகுப்பும் ஒரு லாட், விற்காத லாட்டுக்கு அவுட் லாட் என்று பெயர். அம்மா எடுத்த இலை எங்கேயோ ஒரு லாட்டில் விற்காமல் கிடக்கிறது என்று நினைத்துப் பார்த்த நாள் உண்டு.

ஏப்ரல் கடைசியில் அந்த ஆபீஸில் கேட்லாக் வேலை பார்த்த அக்கா பிரசவ விடுப்பில் போனார். 26 வாரம், சம்பளத்தோடு. சட்டப்படி அவருக்கு உரியது, கிடைத்தது, சந்தோஷம். அக்காவை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன், எனக்கு வேலை சொல்லிக் கொடுத்ததே அவர்தான், மதியம் தன் டிபன் பாக்ஸிலிருந்து பாதி சோறு எனக்குப் போட்டவர். ஆனால் அவருடைய நாற்காலியில் அன்றைக்கு உட்கார்ந்தது நான். மே மாதம் மூன்று மாதம் முடிந்தபோது போய்க் கேட்டேன். "அக்கா வர்ற வரைக்கும் இரும்மா, அப்புறம் பாத்துக்கலாம், நீ கத்துக்கிறதுக்கு நாங்க காசு கேக்கலையே" என்றார்கள். அந்தக் கடைசி வாக்கியத்துக்கு என்னிடம் அன்று பதில் இல்லை. இப்போது இருக்கிறது. இரண்டாம் மாதத்தோடு நான் கற்றுக்கொண்டு முடித்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் செய்தது சம்பளம் கொடுக்க வேண்டிய ஒரு வேலை. காலியாக இருந்த நாற்காலி, வாரா வாரம் வெளியே போன கேட்லாக், ஒரு தப்பு இல்லாமல்.

சரி, வேலை தேடுவது என்ன ஆனது? நின்றுபோனது. காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் இரவு ஏழரைக்குத்தான் வருவேன். மே மாதம் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி, டூரிஸ்ட் வண்டிகளுக்கு நடுவே பஸ் அங்குலம் அங்குலமாக நகரும், எட்டரை மணிகூட ஆகும். ஆனால் நேரம் மட்டும் காரணம் இல்லை. காலையில் துணி தேய்த்துப் போட்டுக்கொண்டு பை மாட்டிக் கிளம்பினால் ஊரில் யாரும் "என்ன பண்றே" என்று கேட்பதில்லை. எனக்கே நான் வேலைக்குப் போகிற மாதிரி ஒரு நினைப்பு வந்துவிட்டது. உங்களுக்கும் வரும். அதைத்தான் நான் பயப்படச் சொல்கிறேன், நேரம் இல்லாததைவிட அது மோசம்.

பஸ் செலவு போக வர 60 ரூபாய் பக்கம். இங்கே ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். 2021 மே மாதத்திலிருந்து கீழே மேட்டுப்பாளையத்தில் பெண்கள் டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் போனார்கள். மேலே நாங்கள் காசு கொடுத்தோம். எங்கள் ஊர்ப் பஸ் டவுன் பஸ் கணக்கில் வராது என்றார்கள், ஆனால் எங்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் ரேஷனுக்கும் ஸ்கூலுக்கும் அந்தப் பஸ்தான், வேறு எதுவும் கிடையாது. நீலகிரி, கொடைக்கானல், வால்பாறைக்கும் சேர்த்து அறிவிக்க 2024 பட்ஜெட் வரை ஆனது. நல்ல திட்டம், இன்று நானும் பயன்படுத்துகிறேன், திட்டத்தைத் திட்டவில்லை. இலை எடுக்கிற பெண்கள்தான் மலையில் கையில் காசு குறைந்தவர்கள், அவர்களுக்குக் கடைசியாக வந்தது என்பதுதான் என் வருத்தம். அந்த மூன்று வருடத்தில் என்னுடைய எட்டு மாதம் இருக்கிறது.

தீபாவளிக்கு முன்னால் இலை ஏஜென்ட்டிடம் கணக்கு முடிக்க அம்மாவோடு நானும் போனேன். இலை நோட்டு என்று ஒன்று இருக்கும், எத்தனை கிலோ போட்டோம், உரத்துக்கு எவ்வளவு பிடித்தம், அட்வான்ஸ் எவ்வளவு என்று எழுதியிருக்கும். அதைப் புரட்டினேன். திங்கட்கிழமை 350 ரூபாய். அடுத்த திங்கட்கிழமை 350. அதற்கு அடுத்ததும் அப்படியே. மார்ச்சிலிருந்து ஒரு திங்கள் விடாமல். என் பஸ் காசு. அம்மா வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு "எடுத்துக்க பாப்பா" என்பார், நான் அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டதே இல்லை.

அந்த வருடம் எங்களுக்கு இலைக்குக் கிடைத்தது கிலோ 14, 15 ரூபாய். நான் ஒரு நாள் குன்னூர் போய்வர அம்மா நாலு கிலோ இலை பறிக்க வேண்டும். நாலு நாலேகால் கிலோ பச்சை இலை ஒரு கிலோ தூள் ஆகும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அந்த ஆபீஸ்தான். எட்டு மாதத்துக்குக் கூட்டிப் பார்த்தால் 800 கிலோவுக்கு மேல் இலை, 200 கிலோ தூள், என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைப்பதற்காக. அந்த ஆபீஸுக்கு ஆள் கொடுத்து அந்த ஆளுக்குக் கூலியும் கொடுத்தது எங்கள் அம்மா. ஏஜென்ட் முன்னால் அழக்கூடாது என்று நோட்டை மூடி வைத்தேன்.

அக்டோபர் கடைசியில் அக்கா திரும்பி வந்தார். எனக்கு இப்போதைக்கு இடம் இல்லை என்றார்கள். ஒரு சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள், அதில் மூன்று மாதப் பயிற்சி என்று இருந்தது. எட்டு என்று மாற்றித் தரச் சொல்லி இரண்டு தடவை போனேன், மாற்றவில்லை.

நவம்பரில் ஊட்டி பிங்கர்போஸ்ட்டில் இருக்கிற மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனேன். பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் வேலையில்லா உதவித்தொகை உண்டு, ஆனால் பதிவு செய்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், வீட்டு வருமானம் வருடத்துக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், எனக்குப் பொருந்தவில்லை. அங்கே காத்திருந்த ஒரு பெண் சொல்லித்தான் தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. 1961 சட்டம். பி.காம். படித்தவர்களையும் எடுக்கலாம். பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை அப்போது மாதம் 9,000 ரூபாய், அதில் பாதியை மத்திய அரசு நிறுவனத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ இருக்கிற இடம் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும், நாலு பேர் இருந்தாலே விரும்பினால் எடுக்கலாம். நான் இருந்த ஆபீஸில் பதினொரு பேர். மாதம் 4,500 ரூபாய் தங்கள் கையிலிருந்து போட்டிருந்தால் என்னை முறையாக வைத்திருக்க முடியும். அவர்களுக்கு இது தெரியாமலும் இருந்திருக்கலாம், அதனால் வேண்டுமென்றே செய்தார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கேளுங்கள். "சம்பளம் தருவீர்களா" என்று கேட்க வாய் வராது, எனக்கும் வரவில்லை. "என்னைப் பழகுநராகப் பதிவு செய்ய முடியுமா" என்று கேட்கலாம், அது பிச்சை கேட்பது மாதிரி இருக்காது. 2024 அக்டோபரில் ஆரம்பித்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்திலும் மாதம் 5,000 ரூபாய் என்று அறிவித்தார்கள், 21 முதல் 24 வயது வரை என்றிருந்தது, வயது இருந்தால் அதையும் பாருங்கள்.

எனக்கு வேலை கிடைத்தது 2023 ஜனவரியில், கோத்தகிரி பக்கம் ஒரு தனியார் தேயிலை பேக்டரி ஆபீஸில், 10,500 ரூபாய். அந்த முதலாளி சர்ட்டிபிகேட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. போன வாரக் கேட்லாக்கை என் முன்னால் போட்டு, நம்ம டஸ்ட் ஏன் ரெண்டு வாரமா அவுட் லாட் ஆகுதுன்னு சொல்லு என்றார். அவருடைய மார்க் எனக்குத் தெரியும், எத்தனையோ தடவை அந்தச் சாம்பிளைப் பிரித்திருக்கிறேன். மழை மாதத்தில் நார் அதிகம் தெரிகிறது, சலிப்பதைப் பாருங்கள் சார் என்றேன். அடுத்த திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்.

பார்த்தாயா, இன்டர்ன்ஷிப்பால்தானே வேலை கிடைத்தது என்று இதைப் படிப்பவர்கள் சொல்வார்கள். ஆமாம், அதனால்தான் சேருங்கள் என்று முதலிலேயே எழுதினேன். ஆனால் அந்தச் சாம்பிளைப் பிரித்துப் பார்க்க எனக்கு இரண்டு மாதம் போதும். மீதி ஆறு மாதமும் அங்கே உட்காராமல் அந்த முதலாளியிடம் நான் ஏப்ரலிலேயே போய் நின்றிருக்கலாம்.

அதனால், மூன்று மாதம் என்றால் மூன்று மாதம் என்று தேதி போட்டு ஒரு மெயிலாவது வாங்குங்கள். வாரத்தில் அரை நாள் வேலை தேட விடச் சொல்லி முதல் நாளே கேளுங்கள், எங்கள் ஆபீஸில் ஏலம் முடிந்த சனிக்கிழமை யாருக்கும் பெரிதாக வேலை இருக்காது, கேட்டிருந்தால் விட்டிருப்பார்கள். என்னென்ன செய்தீர்கள் என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள், சர்ட்டிபிகேட்டில் அது வராது. பஸ் காசை யார் கொடுக்கிறார்கள், அவர்களுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.

எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை. கோத்தகிரி, குன்னூர் பக்கம் என்றால் எனக்கு எழுதுங்கள். எங்கள் பேக்டரி ஆபீஸில் ஒருவர் கல்யாணமாகித் திருப்பூர் போகிறார், அடுத்த மாதம் ஆள் எடுக்கிறோம். கேட்லாக் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நான் சொல்லித் தருகிறேன். முதல் நாளிலிருந்து சம்பளம் உண்டு, முதலாளியிடம் பேசிவிட்டேன்.