குயவன் இருக்கட்டும், மண் எங்கிருந்து வந்தது?

கேள்வி: பிரபஞ்சம் தொடங்குமுன் என்ன இருந்தது? ஒன்றுமே இல்லாததில் ஒரு புள்ளி வெடித்து எல்லாம் வந்தது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். 'சடப்பொருளை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது' என்று பாடசாலையில் படிப்பிப்பதும் அதே விஞ்ஞானம்தான். இல்லது தோன்றாது, மண் இல்லாமல் குடம் வராது என்று சைவசித்தாந்தம் எப்போதோ சொல்லிவிட்டது. இதில் எது பொய்? ஆசிரியர் மழுப்பாமல் பதில் தருவாரா?
– க. சி., கொழும்பு 06

பதில்: மழுப்பவில்லை. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்வியல்ல, இரண்டு. சடப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்கு, ஓரிடம் தவிர, கணக்கோடு பதில் இருக்கிறது. தொடங்குமுன் என்ன என்பதற்குச் சோதித்துப் பார்த்த பதில் யாரிடமும் இல்லை. இரண்டையும் ஒன்றாகப் பிசைந்ததால் வந்ததுதான் அந்தப் 'புள்ளி வெடித்த' கதை. பெருவெடிப்புக் கொள்கை அப்படிச் சொல்லவே இல்லை; மிகச் சூடாகவும் அடர்த்தியாகவும் இருந்த பிரபஞ்சம் விரிந்து தணிந்து வந்தது என்பதே அது சொல்வது.

முதலில் அந்தப் பாடசாலை விதி. 18ஆம் நூற்றாண்டில் லாவோசியே மூடிய பாத்திரங்களுக்குள் பொருட்களை எரித்து, முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்து உறுதிப்படுத்தியது அது. இரசாயனத் தாக்கங்களுக்கு இன்றும் போதும். அங்கே திணிவு மாறும் அளவு எந்தச் சாதாரண தராசிலும் தெரியாது. சூரியனுக்கு அந்த விதி போதாது. அங்கே ஒவ்வொரு செக்கனும் 40 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட திணிவு சக்தியாகி வெளியேறுகிறது. எதிர்த்திசையிலும் வழி திறந்திருக்கிறது: 10.22 இலட்சம் இலத்திரன்வோல்ற்றுக்கு மேல் சக்தியுள்ள காமாக் கதிர் ஓர் அணுக்கருவை ஒட்டிப் போகும்போது கதிர் மறைந்து, ஓர் இலத்திரனும், அதே திணிவும் எதிர் மின்னேற்றமும் கொண்ட அதன் எதிர்த்துணிக்கையான பொசித்திரனும் புறப்படும். டிராக் 1928இல் எழுதிய சமன்பாட்டிலிருந்து வெளிப்பட்ட அந்தப் பொசித்திரனை அண்டர்சன் 1932இல் கண்டுபிடித்தார்.

ஆய்வுகூடச் சங்கதி என்று தள்ளிவிடாதீர்கள். கொழும்பில் பெட் ஸ்கான் எடுத்தவர் எவரையும் கேளுங்கள். குளுக்கோசில் புளோரின்-18 சேர்த்து ஊசி போடுவார்கள். அதன் அரைவாழ்வு 110 நிமிடம் அளவு என்பதால் மருந்து வந்து சேரச் சுணங்கினால் வேலைக்கு உதவாது. அதிலிருந்து வரும் பொசித்திரன், சில மில்லிமீற்றர் போவதற்குள் உடம்பிலுள்ள ஓர் இலத்திரனைச் சந்திக்கும். இரண்டும் இல்லாமற்போய், நேரெதிர்த் திசைகளில் இரண்டு காமாக் கதிர்கள் கிளம்பும். நோயாளியைச் சுற்றியுள்ள வளையம் அந்தச் சோடிகளைப் பிடித்துத்தான் படம் வரைகிறது. அழிக்கவே முடியாது என்று படித்த சடப்பொருளைக் காசு கட்டி அழித்து அறிக்கை வாங்கிக்கொண்டு வருகிறோம்.

உங்கள் குடத்து மண்ணையே எடுத்துக்கொண்டாலும் நிலைமை அதுதான். ஒரு புரோத்தனுக்குள் இருக்கும் மூன்று குவார்க்குகளின் சொந்தத் திணிவைக் கூட்டினால், புரோத்தனின் திணிவில் நூற்றில் ஒரு பங்குதான் தேறும். மற்ற 99 பங்கும் குவார்க்குகளின் அசைவும் அவற்றைக் கட்டிப்போட்டிருக்கும் புலத்தின் சக்தியும். கடையில் ஒரு கிலோ அரிசி நிறுத்து வாங்கினால் குவார்க்குகளின் கணக்கில் வருவது 10 கிராம் அளவு.

இனி வரலாறு. இன்றைக்கு 1380 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, விரிவைப் பின்னோக்கி ஓட்டி நாம் எண்ணத் தொடங்கும் கணத்திலிருந்து செக்கனில் இலட்சத்தில் ஒரு பங்கு கழிந்த வேளையில், வெப்பநிலை இரண்டு இலட்சம் கோடி கெல்வின் அளவில் இருந்தது. அதற்கு மேற்பட்ட சூட்டில் ஒளி, துணிக்கையும் எதிர்த்துணிக்கையுமாகச் சோடி சோடியாக மாறும். சோடிகள் மோதி மீண்டும் ஒளியாகும். வரவும் செலவும் சமன். பிரபஞ்சம் விரிந்து சூடு தணிந்ததும் வரவு நின்றுவிட்டது, செலவு மட்டும் நடந்தது. இரண்டு பக்கமும் சரிசமமாக இருந்திருந்தால் ஏறக்குறைய எல்லாமே ஒளியாகி முடிந்திருக்கும். முடியவில்லை, ஏனென்றால் எதிர்த்துணிக்கை 100 கோடி என்றால் துணிக்கை 100 கோடியே ஒன்று என்ற அளவில் ஒரு சிறு மிகை இருந்தது. கோள், நட்சத்திரம், கொழும்பு எல்லாம் அந்த மிச்சத்தில் ஆனவை.

கற்பனையோ என்று கேட்பீர்கள். அழிந்தவை விட்டுச்சென்ற ஒளி இன்னும் இருக்கிறது. பிரபஞ்சத்துக்கு 3,80,000 வயதானபோது, 3000 கெல்வினில், இலத்திரன்கள் கருக்களோடு சேர்ந்து அணுக்களாகி வழிவிட, அந்த ஒளி தடையின்றிப் பயணப்பட்டது. விரிவால் அலை ஏறத்தாழ 1100 மடங்கு நீண்டு, இன்று 2.725 கெல்வின் நுண்ணலையாக எத்திசையிலிருந்தும் வருகிறது. 1964இல் நியூ ஜேர்சியில் பென்சியசும் வில்சனும் தங்கள் வானலைவாங்கியின் இரைச்சலுக்குப் புறா எச்சம்தான் காரணமோ என்று அதைச் சுரண்டிக் கழுவியும் போகாதது இதுதான். உங்கள் மேசைக்கு மேலே ஒரு கன சென்ரிமீற்றர் இடத்தில் இப்போதும் அந்த ஒளியின் 411 துணிக்கைகள் இருக்கின்றன. புரோத்தன்களோ, பிரபஞ்சச் சராசரியில், நான்கு கன மீற்றருக்கு ஒன்று. நான்கு கன மீற்றரில் 40 இலட்சம் கன சென்ரிமீற்றர். 411ஆல் பெருக்குங்கள்: ஒரு புரோத்தனுக்கு 160 கோடிக்குச் சற்று மேல் ஒளித்துணிக்கைகள். மிகை எவ்வளவு சிறியது என்று இந்த விகிதம்தான் காட்டிக்கொடுக்கிறது.

இதே விகிதத்தை முற்றிலும் வேறொரு வழியாலும் சரிபார்க்கலாம், அதுதான் இந்தக் கொள்கையின் பலம். முதல் செக்கன் முடியும்போது 1000 கோடி கெல்வின். புரோத்தன் நியூத்திரனாவதும் நியூத்திரன் புரோத்தனாவதும் அத்தோடு ஓய்ந்துபோக, ஆறு புரோத்தனுக்கு ஒரு நியூத்திரன் என்று எண்ணிக்கை நின்றது. அவை ஒட்டிக்கொள்ள முதற்படி தியூத்திரியம், அதாவது ஒரு புரோத்தனும் ஒரு நியூத்திரனும். அது ஒட்டியவுடனேயே உடைந்தது. சராசரி ஒளித்துணிக்கைக்கு அதை உடைக்கும் பலம் போனபின்பும், ஒரு புரோத்தனுக்கு 160 கோடி என்று இருக்கையில் அவற்றுள் பலமான சில எப்போதும் அகப்பட்டன. வெப்பநிலை 100 கோடி கெல்வினுக்கு இறங்கச் சில நிமிடங்கள் பிடித்தன. அதற்குள் தனி நியூத்திரன்கள் சில தேய்ந்து, விகிதம் ஏழுக்கு ஒன்றானது. இப்போது 16 துணிக்கைகளை எடுங்கள்: 14 புரோத்தன், 2 நியூத்திரன். இரண்டு நியூத்திரனும் இரண்டு புரோத்தனோடு சேர்ந்து ஓர் ஈலியக் கருவாகும். 12 புரோத்தன் ஐதரசனாக எஞ்சும். திணிவில் 16க்கு 4, அதாவது 25 வீதம் ஈலியம். நட்சத்திரங்கள் அதிகம் கலப்படம் செய்யாத சிறு விண்மீன் மண்டலங்களில் அளந்தால் 24, 25 வீதம் வருகிறது. அந்த 160 கோடி விகிதத்தை வைத்துக் கணக்கிட்டால், மிஞ்சும் தியூத்திரியம் பத்து இலட்சம் ஐதரசனுக்கு 25 அளவு. தூரத்து வாயு முகில்களில் அளந்ததும் அதுவே.

எல்லாமே பொருந்துகிறது என்று சொல்லி ஏமாற்ற மாட்டேன். இலிதியம்-7 இடிக்கிறது: கணக்குச் சொல்வதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் பழைய நட்சத்திரங்களின் மேற்பரப்பில் கிடைக்கிறது. நட்சத்திரம் தின்றுவிட்டதா, கணக்கில் ஏதும் விடுபட்டதா என்ற வழக்கு தீரவில்லை.

ஐந்து, எட்டு என்ற திணிவெண்களில் உறுதியான கரு கிடையாது. அதனால் அடுக்கு அங்கேயே நின்றது. காபன் முதலான பாரமான மூலகங்கள் பிற்பாடு நட்சத்திரங்களுக்குள் வெந்தவை. நீங்கள் குடிக்கும் 200 கிராம் தண்ணீரில் 22 கிராம் ஐதரசன் முதல் நிமிடங்களைச் சேர்ந்தது, 178 கிராம் ஒட்சிசன் நட்சத்திரத்துச் சமையல்.

ஓரிடம் தவிர என்றேனே, அது அந்த 'ஒன்று'. மிகை ஏன் வந்தது? சகாரொவ் 1967இல் மூன்று நிபந்தனைகள் வைத்தார்: புரோத்தன் வகைத் துணிக்கைகளின் எண்ணிக்கை மாறக்கூடியதாக இருக்கவேண்டும்; துணிக்கையும் எதிர்த்துணிக்கையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளக்கூடாது; இவை வெப்பச் சமநிலை குலைந்த வேளையில் நடக்கவேண்டும். இரண்டாவது உண்மையிலேயே நடக்கிறது. கேயோன் துணிக்கையில் 1964இல் கண்டார்கள். புரோத்தனின் இனத்தைச் சேர்ந்த துணிக்கையில் 2025இல் சேர்ன் ஆய்வுகூடம் காட்டியது. ஆனால் இதுவரை தெரிந்த வேறுபாடு தேவையானதற்குப் பல மடங்கு குறைவு. முதலாவது இன்னும் அகப்படவே இல்லை. ஜப்பானில் மலைக்கடியில் 50,000 தொன் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு புரோத்தனாவது சிதையுமா என்று 1996 முதல் பார்த்திருக்கிறார்கள், ஒன்றும் சிதையவில்லை.

சரி, அந்தச் சக்தி எங்கிருந்து வந்தது என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள். இப்போதே சொல்லிவிடுகிறேன். 1980 அளவில் அலன் கூத் முதலானோர் முன்வைத்த வீக்கக் கொள்கையின்படி, தொடக்கத்தில் வெளியை நிறைத்திருந்த ஒரு புலத்தின் அடர்த்தி, வெளி விரிந்தும் குறையவில்லை. கனவளவு பெருகப் பெருக மொத்தச் சக்தியும் பெருகியது. வீக்கம் நின்றபோது அந்தச் சக்தி துணிக்கைகளாகக் கொட்டியது. 'சக்திக் காப்பு விதி என்னாவது' என்று உயர்தர மாணவர் கேட்பார். விதிகள் காலத்தோடு மாறாத இடத்தில்தான் அந்தக் காப்பு கிடைக்கும் என்று எம்மி நோதர் 1918இல் நிறுவியிருக்கிறார். விரியும் வெளியில் அந்த உத்தரவாதம் இல்லை. மேலே சொன்ன பழைய ஒளி 1100 மடங்கு நீண்டபோது ஒவ்வொரு துணிக்கையும் இழந்த சக்தி வேறெந்தக் கணக்கிலும் வரவு வைக்கப்படவில்லை. வீக்கத்துக்குச் சாதகமான அடையாளங்கள் உண்டு, நேரடிச் சாட்சி இல்லை. 2014இல் தென்துருவத் தொலைநோக்கிக் குழு ஒன்று சாட்சி கிடைத்துவிட்டதென்று அறிவித்தது. அடுத்த வருடமே அது நம் விண்மீன் மண்டலத்தின் தூசியின் வேலை என்று தெரியவந்தது.

அதற்கும் முன்பு? புள்ளி என்பது கண்டுபிடித்த பொருளல்ல. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைப் பின்னோக்கி ஓட்டினால் அடர்த்தி முடிவிலியாகிறது. சமன்பாடு அங்கே உதவாது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை. கருத்துகள் இருக்கின்றன. ஹார்ட்லும் ஹோக்கிங்கும் 1983இல் எழுதியபடி காலத்துக்கே அங்கே ஓரம் இல்லாமல் போகலாம். அப்படியானால் 'முன்பு' என்று கேட்க எதுவுமில்லை. முந்திய பிரபஞ்சம் ஒன்று சுருங்கி, எதிர்த்தெழும்பி விரிந்திருக்கலாம். 'ஒன்றுமில்லாததில் இருந்து பிரபஞ்சம்' என்று 1982இல் எழுதியவர் விலென்கின். அவருடைய 'ஒன்றுமில்லாதது' வெளியும் காலமும் அற்ற நிலை, ஆனால் குவாண்டம் விதிகள் அங்கேயும் வேண்டும். விதி எங்கே எழுதியிருந்தது என்று கேளுங்கள், நியாயமான கேள்வி. இவற்றில் எதையும் அளவீடு இன்னும் தெரிவு செய்யவில்லை. பத்து இலட்சம் ரூபாய்க்குப் பந்தயம் கட்டச் சொன்னால் எந்தப் பௌதிகவியலாளரும் பின்வாங்குவார் என்று நினைக்கிறேன். உலகம் நித்தியமா அநித்தியமா என்பது புத்தர் பதில் சொல்லாமல் விட்ட கேள்விகளில் ஒன்று என்பதை உங்கள் சிங்கள நண்பர்கள் சொல்லியிருப்பார்கள்.

கடைசியாக, எது பொய்? சித்தாந்தத்தில் மண்ணின் இடம் மாயைக்கு, குயவனின் இடம் சிவனுக்கு, சக்கரமும் தண்டும் சத்திக்கு. அந்த மாயை புரோத்தனும் இலத்திரனும் அல்ல. தராசில் ஏறாது, காமாக் கதிரில் உடையாது. பெட் ஸ்கான் அதைப் பொய்யாக்கவில்லை. அதற்கு லாவோசியேயைப் பக்கத்துணைக்கு அழைத்தது உங்கள் தவறு. லாவோசியேயின் விதி சூரியனிலேயே சறுக்கிவிட்டது. 1951இல் பாப்பரசர் 12ஆம் பயஸ் பெருவெடிப்பில் படைப்புக்குச் சான்று தெரிகிறது என்று பேசினார். அந்தக் கொள்கைக்கு அடிப்போட்ட லெமேத்ர் கத்தோலிக்கக் குரு; ஆனாலும் அவர் அந்தப் பேச்சை விரும்பவில்லை. தன் கொள்கை சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது என்று பின்பு 1958இல் விஞ்ஞானிகள் கூடிய மாநாட்டில் சொன்னார்.