கொரோனா நாட்களில் ஹார்ட் அட்டாக் எங்கே போனது? கேள்வி பதில்

இதய ரத்தக்குழாய் அடைப்பைப் படமெடுத்துப் பார்ப்பது ஆஞ்சியோ, அதைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய் ஸ்டென்ட்; இவை நடக்கும் அறையான கேத் லேபில் உடன் நிற்கும் செவிலியர் நான். 2020 ஊரடங்குக் கால இதய சிகிச்சை பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு இந்தப் பதில்கள்.

கே: சிஸ்டர், அப்போது ஹார்ட் அட்டாக்கே குறைந்துவிட்டதாகச் சொன்னார்கள். வீட்டுச் சாப்பாடு, ஓய்வு, புகை இல்லாத காற்று. அதனால்தானே?

ப: அப்படி இருந்திருந்தால் சந்தோஷம். குறைந்தது ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் எண்ணிக்கை. இத்தாலியில் 2020 மார்ச் நடுவில் ஒரு வாரக் கணக்கு எடுத்தார்கள். ஹார்ட் அட்டாக்குடன் சேர்ந்தவர்கள் முந்தைய ஆண்டைவிட 48 சதவீதம் குறைவு. ஆனால் ரத்தக்குழாய் முழுதாக அடைத்து வரும் பெரிய அட்டாக்கில், வந்து சேர்ந்தவர்களில் இறந்தோர் 4.1 சதவீதத்திலிருந்து 13.7க்கு ஏறியிருந்தது. நோய் குறைந்திருந்தால் சாவு விகிதம் ஏன் இப்படி ஏற வேண்டும்? லேசாக வலித்தவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள், மற்றவர்கள் முற்றிய பிறகு வந்தார்கள்.

நம் ஊரிலும் இதே கதைதான். "கேஸா இருக்கும்" என்று சோடா, ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு இரவைக் கழிப்பது எப்போதும் உள்ள பழக்கம். அதோடு தொற்று பயம், பஸ் இல்லை, போனால் டெஸ்ட் எடுத்துத் தனி வார்டில் போட்டுவிடுவார்கள் என்ற பேச்சு எல்லாம் சேர்ந்துகொண்டது.

கே: வந்தவர்களுக்காவது உடனே பார்த்தீர்களா? என் சித்தப்பாவை வாசலிலேயே வெகுநேரம் நிறுத்தினார்கள்.

ப: உங்கள் கோபம் நியாயம். உள்ளேயும் தாமதம் இருந்தது. ஈயக் கவசம் சில கிலோ கனம். அதை மாட்டி, மேலே பிபிஇ என்ற முழுப் பாதுகாப்பு உடை, என்95 முகக்கவசம், கண்ணாடி, இரட்டைக் கையுறை. பத்து நிமிடத்தில் கண்ணாடி பனி படர்ந்துவிடும். ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய ஒயரின் நுனியை அதன் வழியாகத்தான் பார்க்க வேண்டும். ஒரு கேஸ் முடிந்தால் லேபைக் கிருமிநீக்கம் செய்து ஆறவிட வேண்டும், அதுவரை அடுத்தவர் காத்திருப்பார்.

ஆனாலும் பெரிய தாமதம் வீட்டில்தான் நடந்தது. ஹாங்காங்கில் ஒரு மருத்துவமனையில் வலி தொடங்கியதிலிருந்து மருத்துவ உதவியை எட்டும் நேரம், முந்தைய ஆண்டு சுமார் 82 நிமிடமாக இருந்தது 318 ஆனது. ஏழு பேர் கணக்குதான், சிறியது. ஆனால் நாங்கள் பார்த்ததும் அதேதான்.

கே: ஸ்டென்ட் வைக்காமல் ஊசி போட்டு அனுப்பினார்கள். ஏமாற்றா?

ப: ஏமாற்று இல்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பழைய, நம்பகமான வழி. வலி தொடங்கி முதல் இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் நல்ல பலன். கேத் லேப் உடனே கிடைக்காத இடங்களில் அந்த நாட்களில் அதுதான் சரியான முடிவு. ஆனால் ஊசியோடு கதை முடிவதில்லை; அது வேலை செய்திருந்தாலும் ஒரு நாளுக்குள் ஆஞ்சியோ பார்ப்பதுதான் முறை. அதைச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பியிருந்தால், அதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். இன்றைக்கும் ஒரு இதய மருத்துவரிடம் ஊசி போட்டபோது கொடுத்த சீட்டைக் காட்டிவிடுங்கள்.

கே: அப்பாவின் பைபாஸ் தள்ளிப்போனது. பக்கத்து பெட்காரருக்கு மட்டும் செய்தார்கள். சிபாரிசா?

ப: பெரும்பாலும் இல்லை. இதயத்தின் இடது பிரதான ரத்தக்குழாயில் அடைப்பு, வால்வு சுருங்கி மயக்கம் வருவது, ஓய்விலும் வலி: இவர்கள் முதலில். மாடிப்படி ஏறினால் மட்டும் வலி, மாத்திரையில் அடங்குகிறது என்றால் காத்திருக்கலாம். சிக்கல் என்னவென்றால், காத்திருப்பவர் அப்படியே இருப்பதில்லை. வலி கூடினால் உடனே சொல்லுங்கள் என்று யாராவது வாரம் ஒரு போன் போட்டிருக்க வேண்டும். பல இடங்களில் அது நடக்கவில்லை.

கே: பிபி மாத்திரை கொரோனாவை மோசமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

ப: ராமிப்ரில், டெல்மிசார்டன் வகைகளைப் பற்றிக் கிளம்பிய சந்தேகம் அது. நிறுத்தாதீர்கள் என்று இதய மருத்துவ சங்கங்கள் அப்போதே சொல்லிவிட்டன.

கே: கொரோனா வந்து சரியானவருக்கு எப்போது ஆபரேஷன் செய்யலாம்?

ப: அவசரமில்லாதது என்றால் குறைந்தது ஏழு வாரம் கழித்து என்பது 2021 ஆய்வின் முடிவு, தடுப்பூசிக்கு முந்தைய நோயாளிகளை வைத்துச் சொன்னது. அவசரம் என்றால் வாரக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை.

கே: மறுபடி இப்படி ஒன்று வந்தால் வீட்டில் என்ன தயாராக வைக்கலாம், சிஸ்டர்?

ப: பழைய ஈசிஜியைப் போட்டோ எடுத்துப் போனில் வையுங்கள், புதியதோடு ஒப்பிட டாக்டருக்கு அது பெரிய உதவி. மாத்திரைச் சீட்டையும் சேர்த்து எடுங்கள். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை ஒரு மாதம் கூடுதலாகவே கையில் வைத்திருக்கட்டும். அப்புறம், நெஞ்சு இறுக்கம், தாடை அல்லது இடக்கை வலி, வியர்வை இருந்தால் 108க்குப் போன் போடுங்கள். பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிவராதீர்கள்.