குரங்குக்குக் கொடுத்த பிஸ்கட்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஐந்து வயது. சுற்றுச்சூழல் மேல் அக்கறை வர எந்த வயதில், எப்படிச் சொல்லித்தர வேண்டும்? 'பூமியைக் காப்போம்' ஓவியப் போட்டியில் பரிசு வாங்கியிருக்கிறான். இளகிய மனசு. போன வாரம் ஏற்காடு போகும்போது காரை நிறுத்தச் சொல்லிக் குரங்குகளுக்குப் பிஸ்கட் கொடுத்தான். நல்ல புத்தகங்கள் சொல்லுங்கள்.

ஒரு தாய், அஸ்தம்பட்டி

அன்புள்ள சகோதரி,

ஓவியப் போட்டி இருக்கட்டும். பள்ளிகளில் சுற்றுச்சூழல் பாடத்தைக் கட்டாயமாக்க உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. பாடம் இருக்கிறது, பிள்ளைக்குத் தன் ஊர் மரம் நான்குகூடத் தெரியவில்லை.

அந்தப் பிஸ்கட்டுக்கு வருகிறேன். சில நாட்களாகவே அந்த மலைப்பாதையை நினைத்துக்கொண்டிருந்தேன். பையனின் இளகிய மனசு பெரிய சொத்து. என் கோபம் காரை நிறுத்திய உங்கள் மேல்தான்.

நீங்கள் பார்த்தது நாட்டுக்குரங்கு. தீபகற்ப இந்தியாவை விட்டால் அதற்கு வேறு சொந்தக் காடு கிடையாது. ஆலும் அத்தியும் தின்னும், கன்னப்பையில் அடக்கிக்கொண்டுபோய் எங்கேயோ கொட்டையைத் துப்பும், எச்சத்திலும் விதை போகும். ஏற்காட்டின் சேர்வராயன் மலைச் சரிவில் யாரும் நடாமல் மரம் முளைப்பதில் அதற்கும் பங்குண்டு. இருபது கொண்டை ஊசி வளைவிலும் பிஸ்கட்டும் சிப்ஸும் கிடைத்தால் அது ஏன் காட்டுக்குள் போகும்? விதை தார்ரோட்டில் விழும். குட்டியை வயிற்றில் சுமந்த தாய் வண்டிக்கு முன்னால் பாயும். பழகிய குரங்கு, கொடுக்காத பிள்ளையின் கையைப் பிடித்துக் கடிக்கும். அப்புறம் கூண்டு வைக்கச் சொல்லி மனு எழுதுவதும் நாம்தானே?

என் அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. அத்தி பழுத்தால் எங்களைக் கூட்டிக்கொண்டுபோய் தள்ளி உட்கார வைப்பார். தங்கை ஒருமுறை கடலைப் பொட்டலத்தை நீட்டினாள். கையை மடக்கிவிட்டார். "அதுக்குச் சோறு மேல இருக்குது சாமி. நீ பாரு." அவ்வளவுதான் பேசினார். எந்தக் கிழட்டுக் குரங்கு முதலில் தின்னும், எந்தக் குட்டி அடி வாங்கும் என்று நாங்களே கண்டுபிடித்துக்கொண்டோம்.

கொடுப்பது மட்டும்தான் அன்பு என்று பிள்ளைக்குப் பழக்காதீர்கள். தொடாமல், கூப்பிடாமல், செல்போனை நீட்டாமல் பார்க்கவும் ஐந்து வயதுக்கு முடியும். உங்களுக்குத்தான் பொறுமை வேண்டும்.

அடுத்த முறை பிஸ்கட்டை வண்டியில் பூட்டி வைத்துவிட்டு, தள்ளி நின்று பார்க்க விடுங்கள். உங்களுக்கு விடை தெரியாத கேள்வி ஒன்றை அவன் கேட்பான். அதை எனக்கு எழுதுங்கள், அதற்கேற்ற புத்தகம் சொல்கிறேன்.