பேரிங் மாத்தின பிறகு ஆக்ஸில் நட்டு லூசாகிட்டே இருக்கா? மூணாவது தடவை முறுக்காதீங்க

கேள்வி: முன் இடது பக்க வீல் பேரிங் மாத்தி மூணு வாரம் ஆச்சு. நாலஞ்சு நாள்லயே ரிவர்ஸ்ல இருந்து ஃபர்ஸ்ட் கியருக்கு மாறும்போது டக்னு ஒரு சத்தம் வர ஆரம்பிச்சுது. பார்த்தா நடுவுல இருக்கிற பெரிய ஆக்ஸில் நட்டு கையால சுத்துற அளவுக்கு லூசு. மெக்கானிக் முறுக்கி விட்டார். ஒரு வாரத்துல மறுபடியும் லூசு. இப்ப நட்டு மேல ஒரு பொட்டு வெல்டு வெச்சுட்டா நகராதுங்கிறார். வெக்கலாமா? அதுவரைக்கும் மெதுவா ஓட்டலாமா?

பதில்: ஓட்டாதீங்க, மெதுவாவும் வேண்டாம். வெல்டும் வேண்டவே வேண்டாம். அந்த சூடு ஆக்ஸில் முனைலயும் மரைலயும் இறங்குது, பக்கத்துலயே பேரிங்கோட ரப்பர் சீலும் கிரீஸும் இருக்கு, அடுத்த தடவை கழட்டணும்னா ஷாஃப்டையே தூக்கிப் போட வேண்டியதாயிடும். அதைவிட முக்கியம், வெல்டு நட்டை சுத்த விடாம புடிக்கும், அவ்ளோதான், உள்ள காணாம போன இறுக்கத்தை அது திருப்பித் தராது. உங்களுக்கு வேண்டியது அந்த இறுக்கம்தான்.

அந்த நட்டு என்ன வேலை செய்யுதுன்னு ஒரு நிமிஷம் பாருங்க. உங்க வண்டி மாதிரி முன் சக்கரம் இழுக்கிற பல வண்டிகள்ல பேரிங்கோட வெளி வளையம் நக்கிள்ல (சக்கரத்தைத் தாங்குற இரும்பு வார்ப்பு) பிரஸ் ஆகி உக்காந்திருக்கும், உள்ள ரெண்டு வளையம் முதுகோட முதுகு ஒட்டி இருக்கும். ஒரு பக்கம் ஹப் (சக்கரத்தை மாட்டுற பாகம்), இன்னொரு பக்கம் சிவி ஜாயின்ட்டோட (ஆக்ஸில்ல இருக்கிற, வளைஞ்சும் சுத்துற மூட்டு) தோள், நடுவுல அந்த ரெண்டு வளையம், மொத்தத்தையும் சேர்த்து அழுத்திப் புடிக்கிறது இந்த ஒரே நட்டு. மரை 24 மில்லிமீட்டர் இருக்கிற நட்டை 200 நியூட்டன் மீட்டர்ல (முறுக்குற பலத்தோட அளவு) முறுக்கினா தோராயமா 4 டன் அழுத்தம் வருது. அவ்ளோ அழுத்தத்துக்கும் ஆக்ஸில் முனை இழுபடுறது ஒரு தலைமுடி தடிமன் அளவுக்குதான். அதனால நடுவுல எங்கயாவது அந்த முடி அளவுக்கு ஒரு பொருள் நசுங்கினாலும், ஒரு வளையம் அந்த அளவுக்கு நகர்ந்து உக்காந்தாலும் 4 டன்னும் போயிடும். நட்டு தானா சுத்தி கழண்டு வர்றது அப்புறம் நடக்கிற கதை. முதல்ல அழுத்தம் போகுது, ரெண்டாவதா நட்டு சுத்துது.

அதனால ஒரு தடவை லூசாச்சுன்னா சரியா முறுக்கலைன்னு சொல்லலாம், ரெண்டாவது தடவையும் லூசாச்சுன்னா நட்டை விட்டுட்டு உள்ள பாக்கணும். மூணாவது முறை முறுக்கிட்டு அனுப்புறவர் உங்க உயிரோட விளையாடுறார். அழுத்தம் இல்லாம ஓடுற ஹப், பேரிங்குக்குள்ள இருந்து கொஞ்சம் கொஞ்சமா வெளிய நகரும், ஷாஃப்டும் ஹப்பும் கோர்த்துக்கிற ஸ்ப்லைன் பல்லு தேயும், பிரேக் டிஸ்க் ஆடி பேடை தள்ளி விடுறதால பெடல் திடீர்னு ஆழமா போகும், கடைசில சக்கரம் வண்டியோட நிக்காது.

உள்ள என்ன இருக்கும்? நான் கழட்டிப் பார்த்த ஒரு ஹப்பை சொல்றேன். பழைய பேரிங்ல இருந்து ஹப்பை வெளிய தள்ளும்போது உள் வளையத்துல ஒண்ணு ஹப்போடயே ஒட்டிட்டு வந்துரும், இது எப்பவும் நடக்கிறதுதான். அதை கிரைண்டர் வெச்சு அறுத்திருக்காங்க, பிளேடு வளையத்தைத் தாண்டி ஹப்போட தண்டுலயும் ஒரு கீறல் போட்டிருக்கு. கீறலோட ஓரத்துல ஒரு பிசிறு, கண்ணுக்குத் தெரியல, நகத்தால தடவினா மாட்டுது. புது வளையம் அந்தப் பிசிறு மேல ஏறி நின்னுடுச்சு, அடிவரைக்கும் போகல. முறுக்கும்போது நட்டு கல்லு மாதிரி டைட், 200 கிலோமீட்டர் ஓடினதும் பிசிறு நசுங்கி நட்டு தொளதொளன்னு ஆயிடுச்சு. பிசிறை ஃபைல் போட்டு எடுத்துட்டு, துடைச்சு, புது பேரிங் போட்டதுக்கு அப்புறம் அந்த வண்டில பிரச்சனை வரல. உங்க வண்டிலயும் இதே மாதிரி ஏதோ ஒண்ணுதான் இருக்கும்: பிசிறு, இல்ல சிவி ஜாயின்ட் தோள்ல துரு, இல்ல நட்டுக்கு கீழ இருக்க வேண்டிய வாஷரை விட்டுட்டாங்க, இல்ல ஷாஃப்ட் வெளிய வர சுத்தியலால நேரா முனைலயே அடிச்சு மரை நசுங்கியிருக்கு. மரை நசுங்கியிருந்தா முறுக்குற பலமெல்லாம் உரசல்லயே போயிடும், டைட் ஆன மாதிரி தோணும், ஆனா அழுத்தம் வந்திருக்காது.

இன்னொண்ணு, பிரஸ்ல ஹப்பை ஏத்தும்போது பேரிங்கோட உள் வளையத்துக்கு கீழ முட்டுக் குடுக்கணும். நக்கிளை மட்டும் தாங்கிட்டு ஹப்பை அமுக்கினா மொத்த பலமும் குண்டுகள் வழியா போகும், புது பேரிங் ஓடுறதுக்கு முன்னாடியே அடி வாங்கிடும், பின்பக்க வளையம் லேசா வெளிய நழுவி நிக்கும்.

இப்ப பழைய நட்டு விஷயம், இதுல எனக்கு உண்மையாவே கோபம் வரும். பின் போடாத ஆக்ஸில் நட்டு ஒரு தடவை கழட்டினா தூக்கிப் போட வேண்டியது. நட்டோட கழுத்தை ஆக்ஸில் முனைல வெட்டியிருக்கிற பள்ளத்துக்குள்ள தட்டி மடக்குற வகையா இருந்தாலும் சரி, மரையே இறுகிப் புடிக்கிற வகையா இருந்தாலும் சரி, ரெண்டாவது தடவை அந்தப் பிடிப்பு வராது. ஆனா பேரிங் விக்கிற பல பெட்டிகள்ல நட்டே வர்றதில்ல, தனியா வாங்கணும்னு அதுல பெரிய எழுத்துல போடவும் மாட்டாங்க. வண்டியோட கூட வர்ற ஓனர் புத்தகத்துல டயர் காத்து எவ்ளோ, பல்பு எப்படி மாத்தணும்னு எல்லாம் இருக்கும், சக்கரத்தை வண்டியோட புடிச்சு வெச்சிருக்கிற நட்டை எவ்ளோ முறுக்கணும்னு தேடினா கிடைக்காது, அது சர்வீஸ் மேனுவல்ல இருக்கு, அந்த மேனுவலை பணம் கட்டினவங்களுக்குதான் காட்டுவாங்க. அந்த ஒரு எண்ணை எல்லாருக்கும் தெரியுற மாதிரி அச்சடிச்சா யாருக்கு என்ன நஷ்டம்?

அந்த இடைவெளில புகுந்துதான் சிலர் சம்பாதிக்கிறாங்க. புது நட்டுன்னு பில்லுல போட்டு பழசையே மாட்டுவாங்க. பேரிங்கை நீங்க வாங்க வேண்டாம் நானே வாங்கிடறேன்னு சொல்லி நல்ல கம்பெனி பெட்டில போலி பேரிங் வரும். இதுக்கு நான் சொல்ற வழி ஒண்ணே ஒண்ணு: வேலை முடிஞ்சதும் பழைய பேரிங், பழைய நட்டு, புதுசு வந்த பெட்டி மூணையும் கைல குடுங்கன்னு வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. பழைய நட்டை குடுக்க முடியலைன்னா அது உங்க வண்டிலதான் இருக்கு. பேரிங் உள்ள போறதுக்கு முன்னாடி அதோட வளையத்துல பொறிச்ச நம்பரையும் பெட்டி நம்பரையும் ஒரு போட்டோ எடுத்துக்கங்க.

இம்பாக்ட் கன்னால (தட்டித் தட்டி முறுக்குற மெஷின்) முறுக்கிட்டு முடிஞ்சுதுன்னு சொல்றதையும் ஒத்துக்காதீங்க. அது சத்தம் போட்டு நின்னதால அளவு வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. கழட்டுறதுக்கு கன் போடட்டும், முறுக்குறதுக்கு டார்க் ரென்ச்தான் (எவ்ளோ முறுக்கினோம்னு அளவு காட்டுற ஸ்பேனர்). அளவு வண்டிக்கு வண்டி மாறும், பெரும்பாலும் 180ல இருந்து 300 நியூட்டன் மீட்டருக்குள்ள வரும், சிலதுல ஒரு அளவு முறுக்கிட்டு அதுக்கு மேல இத்தனை டிகிரி திருப்புன்னு இருக்கும். 200னா ஒரு மீட்டர் நீள கம்பியோட நுனில 20 கிலோ தொங்குற பலம். டயரை புடிக்கிற வீல் நட்டுக்கு 100, 120 போதும், அந்தப் பழக்கத்துலயே இதையும் முறுக்கிட்டு விட்டவங்களைப் பார்த்திருக்கேன். முறுக்கும்போது சக்கரம் தரைல படாம தூக்கி நிக்கணும், ஒருத்தர் பிரேக்கை மிதிச்சுக்கணும். நட்டு டைட் ஆகாம வண்டியை கீழ இறக்கி ஓரமா தள்ளி வைக்கவே கூடாது, வண்டி எடை முழுக்க பிடிப்பில்லாத குண்டுகள் மேல இறங்கும், பேரிங் அங்கயே கெட்டுப்போகும். இடத்தைக் காலி பண்ணணும்னு தள்ளி விடுறது நிறைய நடக்குது.

ஒரு விதிவிலக்கை மட்டும் நல்லா மனசுல வெச்சுக்கங்க, ஏன்னா இதைப் படிச்சுட்டு யாராவது பின் சக்கரத்துல போய் 200 வெச்சுட்டா பேரிங் எரிஞ்சுரும். பழைய வண்டிகள்ல, சில வண்டிகளோட இழுக்காத சக்கரத்துல, டிரெய்லர்ல, சரிவா இருக்கிற உருளை பேரிங் ரெண்டு தனித்தனியா வரும், கோன் பேரிங்னு சொல்வாங்க. அங்க நட்டோட வேலை அழுத்திப் புடிக்கிறது இல்ல, இடைவெளியை செட் பண்றது. சக்கரத்தை கையால சுத்திட்டே நட்டை லேசா முறுக்கணும், உருளைகள் எல்லாம் உக்காரும், அப்புறம் நட்டை பின்னாடி விட்டு, மறுபடி விரலால மட்டும் முட்டுற வரைக்கும் கொண்டு வந்து, நட்டு நகராம தடுக்கிற கம்பி பின்னை ஓட்டைல போடணும். பொதுவா 0.025ல இருந்து 0.125 மில்லிமீட்டர் வரைக்கும் ஆட்டம் இருக்கலாம். பின் ஓட்டை நேரா வரலைன்னா இங்க நட்டை லூஸ் பண்ற பக்கம் திருப்பணும். உங்க முன் சக்கரத்துல பின் போடுற நட்டா இருந்தா அதுக்கு நேர் எதிர், அளவுக்கு முறுக்கினதுக்கு அப்புறம் ஓட்டை வர்ற வரைக்கும் இன்னும் முறுக்கணும், ஒருபோதும் பின்னாடி விடக்கூடாது. ரெண்டையும் குழப்பிக்கிட்டா ஒரு பக்கம் பேரிங் எரியும், இன்னொரு பக்கம் சக்கரம் கழலும்.

இப்ப நீங்க செய்ய வேண்டியது. வண்டியை ஏத்திட்டுப் போற லாரில கொண்டு போங்க. ஷாஃப்டையும் ஹப்பையும் முழுசா வெளிய எடுக்கச் சொல்லுங்க, நீங்க பக்கத்துல நின்னு ஹப் தண்டை விரலால தடவிப் பாருங்க. பேரிங் புதுசுதானேன்னு அதையே திரும்ப போட விடாதீங்க, ரெண்டு தடவை லூசா ஓடின பேரிங்கை நான் நம்ப மாட்டேன். ஹப்புல ஆழமா கீறல் இருந்தாலோ வளையம் கையாலயே உள்ள போய் வந்தாலோ ஹப்பையும் மாத்துங்க. எல்லாம் மாட்டி, டார்க் வெச்சு, கழுத்தை மழுங்கின பஞ்ச்சால பள்ளத்துக்குள்ள மடக்கினதும் (கூர் உளி வேண்டாம், கழுத்து கிழியும்) நட்டுல இருந்து ஆக்ஸில் முனை வரைக்கும் நேரா ஒரு பெயின்ட் கோடு போடுங்க. 50 கிலோமீட்டர்ல ஒரு தடவை, 200ல ஒரு தடவை நின்னு பாருங்க. கோடு நேரா இருந்து, அந்த டக் சத்தமும் இல்லைன்னா ரென்ச் வைக்கவே வேண்டாம். கோடு உடைஞ்சு விலகியிருந்தாலோ சத்தம் வந்தாலோ அங்கயே ஓரங்கட்டிட்டு மறுபடி லாரிக்கு சொல்லுங்க.