வெனிசுலாவின் கோரோவை ஏன் 'மண் நகரம்' என்கிறார்கள்?

வெனிசுலாவின் வடமேற்குக் கரையோரம் 1527-ல் ஸ்பானியர்கள் நிறுவிய ஊர் கோரோ. அங்குள்ள பழைய வீடுகள், தேவாலயங்கள் எல்லாம் பெரும்பாலும் மண்ணால் ஆனவை, அதனால்தான் இந்தப் பெயர். சில சுவர்கள் சுடாத பச்சைச் செங்கல். மற்றவை 'பஹரேக்கே', அதாவது குச்சிகளைப் பின்னலாகக் கட்டி, வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பிச் செய்வது. கான்கிரீட்டுக்குள் கம்பி செய்யும் வேலையை இங்கே குச்சி செய்கிறது.

ஏன் மண்? ஊர் வறண்டது, பக்கத்திலேயே மணல் குன்றுகள். தடித்த மண் சுவர் பகல் வெயிலை உள்ளே விடாது, பொருளும் அருகிலேயே கிடைத்தது. டச்சுக்காரர்கள் ஆண்ட குராசோ தீவு கடலுக்கு அந்தப் பக்கம்தான், அதனால் வணிகத்தோடு டச்சுக் கட்டட பாணியும் வந்து ஸ்பானிய பாணியோடு கலந்தது. இந்தக் கலப்புக்காகவும் மண் கட்டடங்களுக்காகவும் 1993-ல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

சாப்பாடும் வறட்சியைச் சார்ந்ததுதான். முள்காட்டில் தாக்குப்பிடிப்பது ஆடு, ஆகவே ஆட்டுக்கறி, ஆட்டுப்பால் இனிப்பு. கூடவே சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத் தோல் நீக்கிச் சுடும் அரெப்பா என்ற தட்டை ரொட்டி. என்னைக் கேட்டால் கோரோவின் அடையாளம் அதுதான்.

மண் வீடு என்றாலே ஏழைகளின் குடிசை என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் கோரோவில் பணக்கார வணிகர்களின் மாளிகைகளும் மண்தான். 2005 முதல் கோரோ யுனெஸ்கோவின் ஆபத்திலுள்ள மரபுரிமைப் பட்டியலில் இருப்பதற்குப் பெருமழையும் பராமரிப்புக் குறைவும் முக்கியக் காரணங்கள்.