மகளை வலைப்பந்து அணியிலிருந்து நிறுத்தலாமா?

சாதாரண தரப் பரீட்சை வருடம் என்பதால் மகளை வலைப்பந்திலிருந்து நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. "அம்மப்பாதான் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறார்" என்று எழுதியிருப்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

நீங்கள் விவரித்த அந்த மெட்சையே எடுத்துக்கொள்வோம். மகள் கோல் கீப்பர். எதிரணி ஷூட்டர் அவளைவிட ஒரு தலை உயரம். மூன்றாம் கால்பகுதி முடிவதற்குள் எட்டு கோல் பின்னடைவு. ஆத்திரத்தில் மேலே விழுந்து தடுக்கப் போக, நடுவர் விசில் ஊதிக்கொண்டே இருக்கிறார். வலைப்பந்தில் அதற்குத் தண்டனை கடுமையானது: எதிராளி பந்தை விடும்வரை, பிழைவிட்டவர் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்றாம் கால்பகுதி முடிந்த இடைவேளையில்தான், வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி வந்த அம்மப்பா சொல்லியிருக்கிறார்: "ஸ்கோரைப் பாராதை பிள்ளை. மூண்டடி தள்ளி நிண்டு கையை உயர்த்து. அவள் தவற விடுற பந்து உனக்கு."

தோற்றுத்தான் போனார்கள். ஆனால் கடைசிக் கால்பகுதியில் அவள் மேல் ஒரு விசில்கூட இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வெல்லலாம் என்று பெரியவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவளால் செய்யக்கூடியதைச் சொன்னார். கணிதத் தாளில் முதல் இரண்டு கேள்வியும் குழம்பினால் பேனையை வைத்துவிடும் கெட்டிக்காரப் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். எந்த டியூஷனிலும் இதற்கு மருந்து இல்லை.

நேரத்துக்கு என்ன செய்வது? பரீட்சைக்கு முந்தைய மூன்று மாதம் பயிற்சியை வாரத்தில் இரண்டு நாளாகக் குறைக்கும்படி கோச்சிடம் இப்போதே பேசுங்கள். ஒரே பாடத்துக்கு இரண்டு இடத்தில் டியூஷன் போகிறாளாம், அதில் ஒன்றை நிறுத்தினாலே போதும்.

வேலை விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. வலைப்பந்தை மட்டும் நம்பி இலங்கையில் வாழ்வது கடினம். அவுஸ்திரேலியா வரை போய் விளையாடிய தர்ஜினி சிவலிங்கம் போன்றவர்கள் அபூர்வம். ஆனால் விளையாடுபவர் படிக்கமாட்டார் என்று யார் சொன்னது? 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கம் வென்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். உங்கள் அப்பாவைக் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.

இங்கேயே வழிகள் இருக்கின்றன. ஸ்ரீ ஜயவர்தனபுர, சப்ரகமுவப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டு விஞ்ஞானமும் முகாமைத்துவமும் பட்டப்படிப்பு உண்டு. அதற்குச் செய்முறைப் பரீட்சையும் வைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் உடற்கல்விப் பட்டம் இருக்கிறது. இயன்மருத்துவம் (பிசியோதெரபி) பிடித்தால் பேராதனை, கொழும்பு. ஆனால் அதற்கு உயர்தரத்தில் உயிரியல் பிரிவு வேண்டும். அந்த முடிவைச் சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு எடுக்க வேண்டியிருக்கும், இப்போதே அவளிடம் பேசி வையுங்கள்.

விளையாட்டில் சாதித்தவர்களுக்கென்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விசேட அனுமதியும் வைத்திருக்கிறது. உயர்தரத்தில் அடிப்படைத் தகுதி இல்லாமல் அது கிடைக்காது. வலய மட்டச் சான்றிதழை நம்பியும் இருக்க வேண்டாம், தேசிய மட்டச் சாதனை வேண்டும். எதற்கும் மாகாணம், அகில இலங்கை என்று வருகிற சான்றிதழ்களை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு, பிரதி எடுத்து வையுங்கள்.